நூல் மில் நிறுத்தம்

போக்குவரத்துக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஆறுச்சாமி இறந்த பிறகும் உறுப்பினர்தான். நீதிபதிக்கும் பொறியாளர்களுக்கும் நடுவே, கண்டக்டராகத் தொடங்கிக் கிளை மேலாளரான ஒரே ஆள். அந்தப் பணி அனுபவத்தை மட்டும் எடுத்துக் கணினியில் ஏற்றிப் பேசவைத்திருந்தார்கள். வீட்டு நினைவுகள் குழுவுக்கு எதற்கென்று நீக்கிவிட்டார்கள்.

குரலையாவது கேட்கலாமென்று அவர் மனைவி ரங்கநாயகி கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆளே ஏறாத நூல் மில் நிறுத்தத்தை எடுத்துடலாம்," என்றார் தலைவர்.

"வேண்டாமுங்க," என்றது ஒலிபெருக்கியில் ஆறுச்சாமியின் குரல். "அங்க கொஞ்சம் நின்னுதான் வண்டிய எடுக்கோணும்."

"மில்லை மூடி எவ்வளவு வருஷமாச்சு! யாருக்காக நிக்கணும்?"

"ஒரு புள்ள வருமுங்க. மில்லு சங்கு ஊதுனதும் செருப்பைக் கையில புடிச்சுட்டு ஓடியாரும். நான் விசிலைக் கொஞ்சம் தாமதமா ஊதுனாப் போதும், ஏறிக்கும்."

ரங்கநாயகி தன்னையறியாமல் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பு, அவர் டூட்டியில் இருந்தபோது நடந்தது; அதனால் இந்த நினைவு மட்டும் நீக்கப்படாமல் தப்பித்திருக்கிறது.

தலைவர் சிரித்தார். "அந்தப் பொண்ணு பேரென்ன?"

குரல் கூச்சத்தில் தணிந்தது.

"இன்னும் கேக்கலீங்க."