நாக்கில் ஒட்டும் கல்

சந்தையில் வாங்கிய புகைபிடிக்கும் குழாயான பழைய சுங்கானை எலியாஸ் மேசைமேல் வைத்தார். புகை குடித்துத் தேன்நிறமாகிவிட்ட தாடிக்காரன் தலை ஒன்று அதில் செதுக்கப்பட்டிருந்தது.

“கடல்நுரைக் கல். அசல்னா நாக்குல ஒட்டும் ஓய்.”

“வெறும் சுண்ணாம்பு. உமக்குச் சாமான் வாங்கத் தெரியாது” என்ற நண்பர் செபமாலை, அதை நிரூபிக்கத் தாடியில் நாக்கை வைத்தார். ஒட்டிக்கொண்டது.

“இப்ப ஒத்துக்கிடுதீரா?”

செபமாலை இல்லையென்று தலையாட்டினார். தாடிக்காரனும் கூடவே ஆடினான்.

“அப்ப எடும், பாப்போம்.”

அவசரமில்லை என்பதுபோல் செபமாலை கைகளைக் கட்டிக்கொண்டார். ஞாயிறு பூசையிலும் அப்படியே நின்றார். அடுத்த வாரம் தம் மகளின் திருமணத்திலும் அப்படியே; புகைப்படம் எடுக்கும்போது எலியாஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஓய், இப்பவாவது?”

இந்த முறை, இல்லையென்று தாடிக்காரன்தான் முதலில் தலையாட்டினான்.