இருப்பு இல்லை

"பூபாலன்தாங்க. அவனும் உங்ககிட்டதான் விக்கிறான். என் கணக்குல பூந்தது அவனேதான்" என்று போனில் அடித்துச் சொன்னான் ராஜாக்கண்ணு.

புதூர்நாட்டுப் பக்கம் அவன் ஊரில் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். போனை உச்சிக்கல்லில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கோயிலில் முறையிடுகிறவன் மாதிரி எதிரில் நின்றிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி மஞ்சுளா.

போனில் பேசியவள் கோகிலவாணி. மலைச்சாமையை வெப்சைட்டில் விற்கும் கம்பெனியில் புகார்களைக் கவனிப்பவள். ராஜாக்கண்ணுவின் கணக்குக்குள் யாரோ வேறு போனிலிருந்து புகுந்து, சாமைக்கு நேராக 'இருப்பு இல்லை' என்று போட்டிருந்தார்கள். ஒரு வாரமாக ஆர்டரே இல்லை.

பேங்க் நம்பரை மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்தாள். மாற்றவில்லை. பேர், விலாசம், விலை எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன.

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும் சார்?"

"எனக்கு மட்டுந்தாங்க."

மஞ்சுளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்கு அழுத்த வரும். சிக்னலுக்காகப் பாறையில் கூடுகிற அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். ஆடு மேய்க்க வரும் பூபாலனின் மாமியாருக்குக்கூடத் தெரியும் என்று அவள் சொன்னதும் அவன் முறைத்தான்.

வேறு பாஸ்வேர்டு போடுங்கள், இந்த முறை வாயைத் திறக்காமல் போடுங்கள் என்றாள் கோகிலவாணி. இன்னொரு தடவை யாராவது புகுந்தால் கணக்கையே எடுத்துவிடுவார்களாம். கைக்குத்தல் சாமை கேட்டு ஊர்ப்பட்ட பேர் காத்திருக்கிறார்கள், இருப்பைத் திறந்துவிட்டால் இன்றைக்கே மூட்டை மூட்டையாக ஆர்டர் விழும் என்றும் சொன்னாள்.

"போடுங்க, எத்தினி மூட்டன்னாலும் போடுங்க" என்றான் ராஜாக்கண்ணு.

"ஒண்ணுந்தான் திருடு போவலியே, பூந்தது யாருன்னு இன்னாத்துக்குய்யா தேடிக்கினு? வுட்டுடு" என்றாள் மஞ்சுளா.

"வுடறதா? யாருன்னு தெரியட்டும். அழுத்தன கைய ஒடிச்சிட்டுதான் மறுவேல."

மஞ்சுளா கொப்புளம் உடைந்த இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள்.

"ஒடிச்சிக்கய்யா. நாளையிலேர்ந்து சாமைய நீயே குத்து."