ஜோடி பேட்டரி

சிகரெட்டுக்குப் பதிலா புகை இழுக்குற ஒரு வேப் மெஷினுக்குள்ள ரெண்டு பேட்டரி இருந்துச்சு. அதுல ஒண்ணு செத்துப்போச்சு. மெஷின்காரர் அதை மட்டும் மாத்தி, பழசு பக்கத்துலயே புதுசைப் போட்டார். புகை நிறைய வரணும்னு, கரண்டை அள்ளிக் குடிக்குற தடிச்ச கம்பியில அவரே ஒரு காயிலும் சுத்தி மாட்டினார்.

"இன்னும் கரண்ட் குடு. என்ன பெருசு, மூச்சு வாங்குதா?"ன்னுச்சு காயில்.

"அண்ணே, உங்க உடம்பு கொதிக்குது. முடியலன்னு சொல்லிருங்க"ன்னுச்சு புதுசு.

"சொன்னா தூக்கிப் போட்டுருவாங்கடா. என் ஜோடி அப்படித்தான் போச்சு. நீ இழு, நானும் வர்றேன்."

காயில் மறுபடியும் கேட்டுச்சு. பழசு குடுத்துச்சு, குடுத்துக்கிட்டே வெடிச்சுது.

கையில கட்டோட மெஷின்காரர் ரெண்டையும் மண் வாளியில போட்டார்.

"அண்ணே"ன்னு கூப்பிட்டுப் பாத்துச்சு புதுசு. அதுல இன்னும் முக்கால்வாசி சார்ஜ் இருந்துச்சு.