திரேசாவின் ஜெபம்

பூசை முடிந்த கையோடு வந்திருந்தாள் ஜெசிந்தா மேரி. முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, டப்பாவை மேசையில் வைத்து அதன் மூடியைத்தான் முதலில் எடுத்தாள்.

உள்ளே திரேசா. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி சிதறிய வெளிநாட்டுப் பல்லி; வளர்ப்பவர்கள் லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், பல்லி வளர்த்து விற்கும் இதே கிளாட்சனிடம்தான் மகனுக்காக வாங்கிப் போனாள். மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். பல்லி அம்மாவோடு தங்கிவிட்டது.

"இத பார்றா, ஆரம்பிச்சிட்டா."

திரேசா தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்து மேலே பார்த்தது. அப்படியே நின்றது.

வில்லியனூரில் அவள் தெருவுக்கே தெரிந்த காட்சி இது. சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் இந்த டப்பாவும் மாதா படத்துக்குக் கீழே வந்துவிடும். வாயில்லா ஜீவன் வானத்தைப் பார்த்து ஜெபம் பண்ணுகிறதே என்று கோயில் பங்கு முழுக்கப் பேச்சு. ஐந்து வீட்டில் குஞ்சு கேட்டிருக்கிறார்கள்.

அதற்குத்தான் வந்திருக்கிறாள். கிளாட்சனிடம் இருக்கும் ஆண் பல்லியோடு இதைச் சேர்க்க வேண்டும்.

"போன்ல பாத்தேன்டா. ஜோடி சேக்கறதுக்கு முன்னாடி பரம்பரை பாக்கணுமாமே. நல்ல ரத்தமா பாத்துக் குடு. எம் பொண்ணுக்கு ஒரு கொறையும் வரக்கூடாது."

பொண்ணு என்றது பல்லியைத்தான்.



கிளாட்சனுக்குத் தெரியாத பரம்பரையா? கரிக்கலாம்பாக்கத்தில் பின்னறை முழுக்கப் பல்லி வளர்க்கிறவன். புள்ளியையும் கண்ணையும் பார்த்தே தாய் தகப்பன் யாரென்று சொல்வான். கல்யாணத் தரகரெல்லாம் கிட்டே நிற்க முடியாது. திரேசா எனிக்மா என்கிற நிற வகை. அந்த அழகு எந்த ரத்தத்தில் வருகிறதோ அதே ரத்தத்தில் மூளைக் கோளாறும் கூட வரும். தலை மேலே இழுக்கும், உடம்பு வட்டமடிக்கும், இரையைக் கவ்வப் போனால் குறி தவறும். தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், குஞ்சுகளில் பாதிக்கு இறங்கிவிடும்.

ஆணைக் கொடுத்து அனுப்பினால் பேச்சு முடிந்தது. அவளும் சந்தோஷமாகப் போவாள். பிறகு ஐந்து வீட்டு மாதா படங்களுக்குக் கீழே நோயாளிகள் மேலே பார்த்துக் கிடக்கும்.

டார்ச்சை எடுத்தான். ஏதோ இன்றைக்குத்தான் பார்ப்பவனைப் போலப் புள்ளியைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், வாலைத் தூக்கிப் பார்த்தான். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

"அக்கா, இது ஜெபம் இல்லக்கா. நோயி. பரம்பரையா வர்றது. ஜோடி சேக்க வேணாம்."

அவள் ஒரு விரலால் திரேசாவின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

"வலிக்குமாடா அதுக்கு?"

"தெரியலக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டால் பாரம் இறங்கும்.

அவளோ அவன் தோளைத் தட்டினாள். "நீ இன்னாடா பண்ணுவ, உனக்கே இப்பத்தான தெரியும். நாந்தான் கூறுகெட்டவ. நோய்ல கெடக்கறதப் போய் ஜெபம் பண்ணுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றான் கிளாட்சன்.

அந்த வார்த்தை அவளுடையது இல்லை. விற்ற அன்றைக்கே இது தலையைத் தூக்கியது. ஏன் இப்படி மேலே பார்க்கிறது என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விடுவாளோ என்கிற பயத்தில், அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டே, ஜெபம் பண்ணுதுக்கா என்று சொன்னவன் அவன்தான். இதன் தாய் அப்போது பக்கத்து டப்பாவில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவள் வருமுன்பே அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தான்.

ஜெபம் என்று அவன் சொன்னதை அவள் மறந்துவிட்டாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். டப்பாவின் மூடியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

ஜெசிந்தா மேரி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். போனவள் திரும்பினாள்.

"மனசுல வெச்சுக்காதடா. இவளுக்காக நீயும் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு."

"சரிக்கா" என்றான்.