நாலு ஸ்டூல் அதிகம்

"இருபது வேண்டாம் சார். எங்களுக்குப் பன்னிரண்டே போதும்."

நீலத் தொப்பிகளின் தலைவர் இப்படிச் சொன்னதும், கதவோரம் நின்ற ஏழு மாதக் கர்ப்பிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பேக்கிங் பிரிவில் மொத்தம் நாற்பது பேர். எட்டு மணி நேரமும் நின்றபடியேதான் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். இருபது பேருக்கு நீலத் தொப்பி, இருபது பேருக்கு மஞ்சள். உட்கார ஸ்டூல் கேட்டு முதலில் மனு கொடுத்தது நீலம் என்பதால், முடிவை அவர்களிடமே விட்டிருந்தார் மேனேஜர்.

"ஆளுக்கு ஒண்ணு வேணும்னா, உங்களுக்கு இருபது, மஞ்சளுக்கு இருபது. இல்லேன்னா உங்களுக்குப் பன்னிரண்டு, அவங்களுக்கு எட்டு. எது வேணும்?"

தலைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வெளியே வந்தவரைக் கர்ப்பிணி மடக்கினாள்.

"என்னண்ணே இது? இருபது வாங்கியிருந்தா நாம எல்லாருமே உட்கார்ந்திருக்கலாமே."

"மஞ்சளும்ல உட்காரும்? மனு எழுதினது நாம, அலைஞ்சது நாம. அவங்க நோகாம வந்து நமக்குச் சமமா உட்காருவாங்களா?"

"உட்கார்ந்துட்டுப் போகட்டுமே. நமக்கு என்ன குறையுது?"

"மானம் குறையுது."

"டாக்டர் இனிமே நிக்கவே கூடாதுன்னுட்டாரு. உட்கார இடமில்லேன்னா நான் வேலையை விடணும். அந்தப் பன்னிரண்டுல எனக்கு ஒண்ணு உண்டாண்ணே?"

"சீனியாரிட்டிப்படிதான். நீ கடைசியா சேர்ந்தவ." தலைவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "மனசைத் தளர விடாதே தங்கச்சி. எப்படிப் பார்த்தாலும் அவங்களைவிட நமக்கு நாலு ஸ்டூல் அதிகம்."

"அந்த நாலுல நான் எதுலண்ணே உட்காரட்டும்?"

அதற்குள் நீலத் தொப்பிகள் கைதட்டி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டன. கர்ப்பிணியின் பக்கத்து மேஜைக்காரி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். இத்தனைக்கும் அவளுக்கும் ஸ்டூல் கிடையாது.

உள்ளே ஸ்டோர்கீப்பர் தலையைச் சொறிந்தார்.

"சார், நாற்பது ஸ்டூல் வந்து இறங்கியிருக்கே. மீதி இருபதை என்ன பண்ண?"

"கடைக்கே திருப்பி அனுப்பிடு. ஆமா, இந்தத் தொப்பி எப்படிய்யா ரெண்டு கலர் ஆச்சு?"

"அன்னிக்குக் கடையில நீலம் இருபதுதான் இருந்தது சார். மிச்சத்துக்குக் கையில கிடைச்ச மஞ்சளை அள்ளிட்டு வந்தேன்."

வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அடுத்த தடவை மூணு கலரா வாங்கு."