பலகைமேல் உட்கார்ந்த பையன்

நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை போட்டால்தான் சின்னப் பிள்ளைகளின் தலை என் கத்தரிக்கு எட்டும். அன்று காலை வந்த பையனையும் அப்படித்தான் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டினேன். கால்கள் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவன் அப்பா பெஞ்சில் உட்கார்ந்ததுமே, ஏதோ தலைபோகிற காரியம் போல, போனுக்குள் மூழ்கிவிட்டார்.

"அப்பா, இங்க பாரேன்" என்றான் பையன்.

"ரெண்டு நிமிஷம்டா கண்ணா."

முடி பட்டுப் போல உதிர்ந்தது. நான் குனிந்து பிடரியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, "அப்பா, இங்க பாரேன்" என்று மறுபடியும் கேட்டது. குரல் உடைந்து தடித்திருந்தது. விரலில் ஒட்டிய முடி முள்ளாகக் குத்தியது.

"இருடா, ரெண்டே நிமிஷம்."

அடுத்த கொத்து வெள்ளையாக விழுந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. எதிரே இருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது முறை அப்பாவை யாரும் கூப்பிடவில்லை.

துணியை அவிழ்த்தேன்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சாண்ணே?" போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் அப்பா.

பலகைக்குக் கீழே, நரம்பு புடைத்த இரண்டு பாதங்கள் தரையில் ஊன்றியிருந்தன.