கண்டல் கன்றுகளின் தாய்

கடலோரக் களப்பில் ஓர் அரிய இனக் கண்டல் மரம் சுனாமியோடு அடியோடு அழிந்துவிட்டதென்றே ஆய்வாளர் பஸ்மிலா நம்பியிருந்தாள். இந்த மாரியில் கரையோரம் அதன் புதுக் கன்றுகள் முளைத்தன. இனத்தைக் காக்கத் தாய்மரம் வேண்டுமே என்று இலைகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். சுனாமிக்கு முன் ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி வைத்த இலையொன்றின் மரமே தாய் என்று முடிவு வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த மரத்தைப் பற்றித் தோணிக்கார அமிர்தலிங்கத்திடம் கேட்டாள்.

"ஓம் புள்ள, தெரியும். அந்த மரத்தச் சுனாமி வேரோட கொண்டு போயிட்டு."

"நிண்ட இடத்தயாவது காட்டுங்களன், அண்ணன்."

உச்சி வெயிலில் போனார்கள். நாலாபுறமும் வெறும் தண்ணீர். அவர் துடுப்பை நிறுத்தினார்.

"இவடந்தான்."

வானத்தில் முகில் இல்லை. இருவர் மேலும் இலைநிழல் விழுந்து அசைந்துகொண்டிருந்தது.